நடுக்கட்டத்தை விழுங்கியவர்

கட்டவிழுங்கி என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். கையில் மடிக்கணினி, சட்டைப் பையில் இரண்டு பேனா, உலகத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு உலகம் அதை ஒப்புக்கொள்ளும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு முகம். கடிக்காது. ஆனால் விழுங்கும். எதை என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

நான் புள்ளியியல் பார்க்கிறவன். ஒரு பல்கலைக்கழகத்தில், உளவியல் துறைக்கு நேர் கீழே, நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். மேலேயிருந்து ஆராய்ச்சியாளர்கள் அட்டவணைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள். வாசலில் இரண்டு நாற்காலி. அங்கே உட்கார்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதைக் கேட்டால், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறோமோ என்று உங்களுக்குத் தோன்றும்.

"வந்துடுச்சா?"

"இன்னும் வரலீங்க. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டுலயே நிக்குது."

"அடப்பாவமே. எனக்கும் மொதல்ல அப்படித்தான் நின்னுச்சு. உள்ள சார் கிட்ட கேளுங்க, ஏதாவது பண்ணுவாரு."

சார் ஒன்றும் பண்ணமாட்டார். சார் அதற்காகவா சம்பளம் வாங்குகிறார்? ஆனால் இதை அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் சாருக்கு ரத்த அழுத்தம் வந்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உயரத்தை அளக்கலாம், எடையை அளக்கலாம். ஆனால் ஒருவர் அழுதாரா இல்லையா, காத்திருக்கும் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாரா கதவோரம் உட்கார்ந்தாரா என்பதையெல்லாம் எந்தத் தராசில் வைப்பது? ஆளை எண்ணத்தான் முடியும். ஆகவே உளவியல்காரர்கள் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒவ்வொருவரையும் ஒரே ஒரு கட்டத்தில் உட்காரவைத்து, தலையை எண்ணுகிறார்கள். பிறகு வேண்டுமென்றே எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி, 'இந்த இரண்டு விஷயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை' என்று ஆரம்பிக்கிறார்கள். சம்பந்தம் இல்லையென்றால் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிகளை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் கைவர்க்கம்; ஆங்கிலத்தில் கை ஸ்கொயர். சம்பந்தமே இல்லாத இடத்தில் வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய இடைவெளி நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவாகத்தான் வரும் என்றால், 'சரி, சம்பந்தம் இல்லை என்ற பேச்சை விட்டுவிடுகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டு. அவ்வளவுதான். ரொம்ப அடக்கமான சோதனை. ஒருநாளும் மேஜையைத் தட்டிப் பேசாது.

மேஜையைத் தட்டுவது கட்டவிழுங்கிதான்.

அவருடைய வழக்கம் இது. மூன்று கட்டம் போட்டு எண்ணுவார். நினைத்தது வராது. உடனே நெற்றியைச் சுருக்கி, ஏதோ ஞானம் பிறந்த பாவனையில், "இந்த ரெண்டு கட்டமும் உண்மையில ஒண்ணுதானே?" என்பார். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் கட்டங்களைச் சேர்ப்பதில் தப்பில்லை என்று பாடப்புத்தகத்தில் ஒரு மூலையில் போட்டிருக்கிறது. அந்த மூலையை அவர் மனப்பாடமாக வைத்திருப்பார். எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதை எண்ணுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும் என்று அதே புத்தகத்தில் இன்னொரு மூலை உண்டு. அந்தப் பக்கத்தை அவர் புரட்டியதே இல்லை. நடுவில் இருக்கும் கட்டத்தை இந்தப் பக்கம் தள்ளிப் பார்ப்பார், வராது. அந்தப் பக்கம் தள்ளிப் பார்ப்பார்; வரும். வந்தவுடன் முகத்தில் ஒரு மலர்ச்சி பாருங்கள்! நடுக்கட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை மனிதர்களையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, "தரவு பேசுகிறது" என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுவார். தரவு பேசத்தான் பார்த்தது. வாயைப் பொத்தியது யார்?

இந்த இனத்தில் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்று என் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். உளவியல் பேராசிரியர். அறிவாளி, நல்ல மனுஷர், ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டார்; ஜன்னலைத் திறந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் செருப்பை வாசலைப் பார்த்து விட்டார்களா, வீட்டைப் பார்த்து விட்டார்களா என்று எண்ணிவைத்து, வாசலைப் பார்த்து விட்டவர்கள்தான் சீக்கிரம் கிளம்புகிறார்கள் என்று நிரூபிக்க அத்தான் ஒரு வருடம் பாடுபட்டார். வரவில்லை. சாப்பிட்டு முடித்தவுடன் போனவர்களையும் 'சீக்கிரம்' என்ற கட்டத்தில் சேர்த்துக்கொண்டார். வந்துவிட்டது.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். செருப்பு எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் என் மருமகள் ஒருவரை விரும்பினாள். மருமகள் என்றால் அக்கா மகள். முட்டி வலிக்காரர்களை நடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட். அவள் விரும்பியது நாடக மேடைகளுக்கு விளக்கு அமைக்கிற ஒரு பையனை. அமைதியான பிள்ளை. ஒரு தடவை என் அறைக்கு வந்தபோது, மேலே மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டைப் பார்த்துப் பார்த்துத் தவித்து, கடைசியில் நாற்காலி மேல் ஏறிச் சரிசெய்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

அத்தானுக்குப் பிடிக்கவில்லை. பையனை அல்ல, பையனின் தொழிலை. "அவன் வேலைக்குக் கிளம்பற நேரத்துல இவ வீட்டுக்கு வருவா. இவ முட்டியப் பத்திப் பேசுவா, அவன் பல்பப் பத்திப் பேசுவான். வேற வேற தொழில்காரங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா நிம்மதி இருக்காது மச்சான்" என்றார். மகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நிரூபிங்கப்பா. நிரூபிச்சிட்டா நான் விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவை இருபத்தாறு வருடமாக அறிந்த பெண் இப்படிச் சொல்லலாமா? கட்டவிழுங்கியிடம் நிரூபிக்கச் சொல்வது, பூனையிடம் பாலைக் காய்ச்சச் சொல்வது மாதிரிதானே?

அத்தான் அன்றைக்கே கிளம்பிவிட்டார். தெரிந்த தம்பதிகள் நாற்பது. பாதி ஒரே தொழில், பாதி வேறு வேறு தொழில். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: உங்கள் குடும்ப வாழ்க்கை எப்படி? பதிலுக்கு மூன்று கட்டம். நிம்மதி. ஏதோ ஓடுகிறது. சங்கடம். நாற்பது தம்பதிகளைக் கேட்டவர் எண்பது பேரைக் கேட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"அத்தான், ஒருத்தர் பதில் இன்னொருத்தர் பதிலத் தொடக்கூடாது. இந்தச் சோதனைக்கு அதுதான் மொதல் நிபந்தனை. புருஷன் பொண்டாட்டி பதில் ஒண்ணையொண்ணு தொடாதா?"

"தனித்தனியாத்தான் கேட்டேன் மச்சான். வேற வேற ரூம்ல."

ரூம் வேறானால் என்ன, குடித்தனம் ஒன்றுதானே?

அந்த எண்பதில் அவரும் அக்காவும் உண்டு. அக்கா பல் மருத்துவர். அக்காவைக் கேட்க அவர் கிளினிக்குக்கே போயிருக்கிறார். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், கையுறையைக்கூடக் கழற்றாமல், அக்கா கேள்வியைக் காதில் வாங்கினாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "ஏதோ ஓடுதுன்னு போட்டுக்கோங்க" என்றாள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருப்பான். அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "நன்றி. உங்கள் பதில் ரகசியமாக வைக்கப்படும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தீர்ப்பு நாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு அத்தான் மடிக்கணினியை விரித்தார். எதிரே மகள், உள்ளங்கைகளைச் சேர்த்து முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. அக்கா ஜன்னலோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே தொழில்ல நிம்மதின்னு சொன்னவங்க இருபத்திநாலு. வேற தொழில்ல வெறும் பதினஞ்சு. நிம்மதியில்லாதவங்க இங்க பதினாறு, அங்க இருபத்தஞ்சு. கை ஸ்கொயர் நாலத் தாண்டிடுச்சு. தேவையானத விடக் கூட. நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ போயிடுச்சும்மா." குரலில் வெற்றி இருந்தது, மகளின் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கியது. "உன் நல்லதுக்குத்தான்."

மகளின் கண் கலங்கிவிட்டது. கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தான், நீங்க போட்டது மூணு கட்டம். இங்க ரெண்டுதான் இருக்கு. நடுவுல இருந்த கட்டம் எங்க?"

"நிம்மதின்னு சொல்லலைன்னா நிம்மதியில்லன்னுதானே அர்த்தம்? சேர்த்துட்டேன்."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன். அவர் விழுங்கியதைக் கக்கவைத்தேன். ஏதோ ஓடுகிறது என்றவர்கள் ஒரே தொழிலில் பத்து, வேறு தொழிலில் பத்தொன்பது. சங்கடம் என்றவர்கள்? இங்கே ஆறு, அங்கேயும் ஆறு. வித்தியாசமே இல்லை!

"மூணு கட்டமா விட்டா கை ஸ்கொயர் அஞ்சுகூட வரல. கட்டம் கூடினா தேவையானதும் கூடும், ஆறு கிட்ட வந்திருக்கணும். நடுக்கட்டத்த நிம்மதியோட சேர்த்திருந்தா என்ன வரும் தெரியுமா? சுத்த பூஜ்யம். சங்கடத்தோட சேர்த்தா மட்டும்தான் வருது. அதனாலதானே அங்க சேர்த்தீங்க?"

அத்தான் கண்ணாடியைத் துடைத்தார். கட்டவிழுங்கிகள் பிடிபட்டால் கண்ணாடியைத் துடைப்பார்கள். கண்ணாடி போடாதவர்கள் தொண்டையைச் செருமுவார்கள்.

அப்போதுதான் அக்கா டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். "இதுல நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டாள்.

"பதில் ரகசியம்..."

"நானே சொல்றேன். நான் ஏதோ ஓடுதுன்னு சொன்னேன். நாம வேற வேற தொழில்."

இந்த இடத்தில் அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள், அதற்கே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். "யோசிச்சுப் பார்த்தா நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். நீயும் ஆளை உட்காரவெச்சு வாயத் திறக்கவைக்கிற, நானும் ஆளை உட்காரவெச்சு வாயத் திறக்கவைக்கிறேன்." சொல்லிக்கொண்டே இரண்டு எண்களை மாற்றித் தட்டினார். முகம் பிரகாசமானது. "மச்சான், இப்படிப் போட்டா இன்னும் கொஞ்சம் ஏறுது!"

"என் கிட்ட வாயத் திறக்கறவங்க ஒரு கட்டத்துல மூடிடறாங்க" என்றாள் அக்கா. "மாத்தினத மாத்துங்க. நான் பல் டாக்டர்."

மாற்றினார்.

"இப்போ சொல்லுங்க. என்னை எதோட சேர்த்தீங்க?"

மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "சங்கடத்தோடம்மா."

அக்கா அழவில்லை, கத்தவில்லை. "அப்போ இந்த வீட்டுல நான் இத்தனை வருஷமா சங்கடத்துலயா இருக்கேன்?" என்று மட்டும் கேட்டாள். அத்தான் பதறிப்போனார். "சேச்சே, நீ நிம்மதிதான், நிம்மதிதான்" என்று அவசர அவசரமாக அக்காவைத் தூக்கி அடுத்த கட்டத்தில் வைத்தார். எண்டர் தட்டினார். தட்டிய விரல் அங்கேயே நின்றது. கைவர்க்கம் நான்கிலிருந்து மூன்று சொச்சத்துக்குச் சரிந்துவிட்டது. வேண்டியது நான்குக்குக் கொஞ்சம் கீழே, அதற்கும் எட்டவில்லை. அவருடைய மொத்த நிரூபணமும், எண்பது பேரும், ஒரு மாத அலைச்சலும், மகளின் கல்யாணத்துக்குப் போட்ட முட்டுக்கட்டையும், தன் மனைவி சங்கடத்தில் இருக்கிறாள் என்ற ஒரே ஒரு டிக் குறியின் மேல் நின்றுகொண்டிருந்தன. ஜெயிக்க வேண்டுமானால் அக்கா தோற்றவளாக இருக்க வேண்டும். அக்காவைக் காப்பாற்றினால் அவர் தோற்க வேண்டும்.

இந்த மாதிரி ஒரு சோதனையை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"அதையும் மாத்துங்க" என்றாள் அக்கா. "நான் நிம்மதின்னு சொல்லல. சங்கடம்னும் சொல்லல. ஏதோ ஓடுதுன்னு சொன்னேன். சொன்ன எடத்துலயே என்னை விட்டுடுங்க."

அத்தான் நடுக்கட்டத்தைத் திரும்பப் போட்டார். அதில் இருபத்தொன்பது பேரையும் ஒவ்வொரு எண்ணாகத் திரும்ப உட்காரவைத்தார். ஐந்துக்குக் கீழே ஓர் எண் வந்து நின்றது. அவரே சொன்னார், வகுப்பில் சொல்கிற குரலில், ஆனால் வகுப்பில் இல்லாத ஓர் அடக்கத்தோடு: "தொழில் வித்தியாசத்துக்கும் நிம்மதிக்கும் சம்பந்தம் இருக்குன்னு இத வெச்சுச் சொல்ல முடியாது."

"சம்பந்தம் இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது" என்றேன் நான். தொழில் தர்மம்.

"மாமா, நீங்க சும்மா இருங்க!" என்றாள் மகள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அப்போ நான் அவரக் கட்டிக்கலாமாப்பா?"

"கூட்டிட்டு வா" என்றார் அத்தான். அதற்குமேல் அவருக்குத் தெம்பில்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். அக்கா தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிக்கொண்டே, அவர் பக்கம் பார்க்காமல், "ஆமா, நீங்க என்ன போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எதுல?"

"அதே கேள்விக்கு. நீங்களும் எண்பதுல ஒருத்தர்தானே."

அத்தான் மடிக்கணினியை மூடினார். "நிம்மதின்னு போட்டேன்" என்றார். "யோசிக்கவே இல்ல. எடுத்தவுடனே போட்டேன்."

அக்காவின் கை தட்டுகளின் மேல் அப்படியே நின்றது. "இத என் கிட்ட ஒரு நாளாவது வாயத் திறந்து சொல்லியிருந்தீங்கன்னா, நானும் அதையே போட்டிருப்பேன்."

ஒருவர் பதில் இன்னொருவர் பதிலைத் தொடக்கூடாது என்று கத்திக்கத்திச் சொன்னவன் நான். வாயை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே எனக்கு வேலை இல்லை.

இனி உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாம் உளவியலும் படிக்கவில்லை, கைவர்க்கமும் போடவில்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. இந்த வாரம் உங்கள் வீட்டில் யாரோ ஒருவரை, போகிற போக்கில், "எப்படி இருக்கே?" என்று கேட்டிருப்பீர்கள். அவரும் போகிற போக்கில், "ஏதோ இருக்கேன்" என்று சொல்லியிருப்பார். நீங்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உங்களுக்கு வசதியான கட்டத்தில் அவரைப் போட்டுக்கொண்டுதானே நகர்ந்தீர்கள்? எழுந்து போய், எதற்காக அப்படிச் சொன்னார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர் இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.